வேலூர்ப் பக்கம் ரெக்கார்டு கேட்க: கரெண்டு, தண்ணி, ஊசி, அப்புறம்தான் ஹெட்போன்

ரெக்கார்டு சுழற்ற ஒரு டர்ன்டேபிள், பழைய ஜப்பான் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), நல்ல ஹெட்போன் மூன்றும் சேர்த்து ஒரு செட் போடலாம் என்று இறங்குபவர்கள் முதலில் ஹெட்போனை வாங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டில் எங்கே இருந்தாலும் ஒலியைக் கெடுப்பவை வேறு: எர்த் சரியில்லாத வயரிங், உப்புத் தண்ணீர், சித்திரை வெயில், தேய்ந்த ஊசி. இவற்றைச் சரிசெய்யச் சில ஆயிரம் போதும். சரிசெய்யாமல் ஐம்பதாயிரத்துக்கு ஹெட்போன் வாங்கினால் அந்தக் கோளாறெல்லாம் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

சுவரில் இருக்கும் பிளக்

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானது போதும். ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 220 முதல் 245 வரை இருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு 100, 150 என்று தள்ளாடினால் உங்கள் வீட்டில் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் இது கோடையில்தான் அதிகம் தெரியும். மண் காயக் காய எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் ஏறும். மாசியில் சத்தமில்லாமல் ஓடிய செட் வைகாசியில் ‘ம்ம்ம்’ என்று முனக ஆரம்பிப்பதற்கு இது ஒரு காரணம். குழியில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கரியும் உப்பும் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுப்பித்துவிடுங்கள். முனகல் நிற்கிறது என்பதற்காக மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். மெட்டல் பெட்டிக்குள் இன்சுலேஷன் போனால் அடுத்து ஷாக் அடிப்பது ஹெட்போன் போட்டவருக்கு.

பழைய ஆம்பின் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 220-இல் விடாமல் 240-க்கு மாற்றுங்கள். ராத்திரியில் லோடு குறைந்ததும் லைன் 245-ஐத் தொடும். செலக்டர் இல்லாத ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் அதற்கு 100 வோல்ட், அமெரிக்க மாடலுக்கு 120. இரண்டுக்கும் ஒரே ‘110 கன்வெர்ட்டர்’ போதும் என்பது கடைக்காரர் கணக்கு. 100 வோல்ட் ஆம்பில் 110 கொடுத்தால் உள்ளே எல்லா வோல்டேஜும் பத்து சதவீதம் ஏறி, ஏற்கெனவே வயதான கெப்பாசிட்டர்களும் ஹீட் சிங்க்கும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். போர் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றித் தருகிற கடையாகப் பார்த்து, டபுள் வைண்டிங் (உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் தனித்தனி), 230-க்கு 100, 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதிக் கொடுத்துச் சுற்றி வாங்குங்கள். ஆம்ப் 200 வாட் இழுக்கும் என்று பின்னால் போட்டிருந்தால் இரண்டரை மடங்கு விஏ வைத்துக்கொள்வது இந்த ஊர் வெயிலுக்கு நியாயமான கணக்கு.

ஆம்ப் வாங்கும்போது

சான்சுய், மராண்ட்ஸ், பயனியர், யமஹா எல்லாம் பெயருக்கே விலை போகும். நம் நாட்டுக் காஸ்மிக், சோனோடைன் ஆம்புகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. அவை பிறக்கும்போதே நம் வோல்டேஜுக்குப் பிறந்தவை, உள்ளே கை வைக்க இடம் தாராளம். முதல் ஆம்புக்கு இவற்றில் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம்.

“ஓடுதா ணா?” என்று கேட்டால் “சூப்பரா ஓடும், லைட் எரியுது பாரு” என்பார்கள். லைட் எரிவது டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருப்பதற்கு மட்டும்தான் சாட்சி. பல வருஷம் பரணில் கிடந்த ஆம்பை நேரடியாகச் சுவரில் செருகவே கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்று வேண்டும்: ஃபேஸ் வயரில் ஒரு குண்டு பல்பு ஹோல்டர், அதைத் தாண்டி ஒரு சாக்கெட். சின்ன ஆம்புக்கு 60 வாட் பல்பு, பெரியதற்கு 100. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது.

ஸ்பீக்கர், ஹெட்போன் எதுவும் மாட்டாமல், வால்யூமைச் சுழியத்தில் வைத்து ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து ஒன்றிரண்டு நொடியில் மங்கினால் நல்லது. பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன என்று பொருள். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் அல்லது பிரிட்ஜ் டயோடு போயிருக்கும். பல்பு ஓரளவு வோல்டேஜைத் தின்றுவிடுவதால் இந்தச் சோதனையில் ஸ்பீக்கரைத் தாமதமாக இணைக்கும் ரிலே ‘டிக்’ என்று விழாமல் போகலாம். அதை மட்டும் வைத்து ஆம்ப் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதில் தேறினால் நேரடி சப்ளையில் பத்து நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு பக்க ஸ்பீக்கர் முனைகளிலும் அளவெடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஹெட்போன் செருகாதீர்கள். பழைய ஆம்புகள் பலவற்றில் ஹெட்போன் ஜாக் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்துதான் பிரிந்து வருகிறது. அங்கே இருக்கும் டிசியில் ஒரு பங்கு ஹெட்போனுக்குள் இருக்கும் வாய்ஸ் காயிலுக்கும் போகும்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் குறுக்கே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒரு நிமிடம் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காலியாக அது போதும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வித்தை காட்டுகிறவர்கள் வேலை. பிறகு மீட்டரில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும்.

உள்ளே முதலில் தெரிவது தூசி, அடுத்து பல்லி. சூடாக இருக்கும் இடம் தேடிப் பல்லி உள்ளே போய், இரண்டு டிராக்குக்கு நடுவே கருகிக் கிடக்கும். பிரஷ்ஷால் தள்ளி, புளோயரால் ஊதுங்கள். பின்பக்க ஓட்டைகளுக்கு உள்பக்கமாக நைலான் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடலாம், மேல்மூடியின் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். வால்யூம் திருகும்போது ‘கரகர’ என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கன்ட்ரோலின் சிறு திறப்பு வழியாக அரை நொடி அடித்து, முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பூட்டுக்கு அடிக்கும் துரு ஸ்பிரேயை இதற்கு அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து, தூசி ஒட்டும் படலம் மிஞ்சும்.

கெப்பாசிட்டர் மாற்றுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி மாற்றினால், கடைசியில் ஓடாதபோது எங்கே தப்பு என்று தெரியாது. பவர் சப்ளையில் தொடங்கி ஒரு போர்டு முடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். 85 டிகிரி எலக்ட்ரோலிட்டிக் இருந்த இடத்தில் 105 டிகிரி போடுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல். பாகம் வாங்க நாம் இருக்கும் இடம் தோது: காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெங்களூரு எஸ்.பி. ரோடோ, எங்கே போனாலும் ராத்திரி வீட்டில் சாப்பிடலாம். அவுட்புட் டிரான்சிஸ்டர் வாங்கும்போது மட்டும் உஷார். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் போலி நிறையப் புழங்குகிறது. அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

டர்ன்டேபிளும் ஊசியும்

வெளிநாட்டு மாடல் என்றால் மோட்டார் எந்த வகை என்று கேளுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கான ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 27.8 ஆகிவிடும், ஐந்து கட்டையில் பாடியது மூன்று கட்டைக்கு இறங்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகை டைரக்ட் டிரைவ்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வேகம் பார்க்க, சுற்றிலும் கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்கு 180 கோடு. அமெரிக்க வட்டில் 216 இருக்கும், அது இங்கே ஆகாது. கரெண்டோடு சேர்ந்து துடிக்கும் குண்டு பல்பு அல்லது நியான் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். எல்இடி பல்புகள் பலவற்றில் இந்தத் துடிப்பு இருக்காது, கோடு தெரியாது. பெல்ட் டிரைவில் வேகம் தள்ளாடினால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான். இந்தச் சூட்டில் ரப்பர் ஒன்று இளகிப் பிசுபிசுக்கும், இல்லையென்றால் இறுகி வெடிக்கும்.

டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்கக் கல் வேண்டுமென்றால் கிரானைட் கடையில் மிஞ்சிய துண்டில் 50-க்கு 40 சென்டிமீட்டர், 20 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி வாங்குங்கள். பத்துப் பதினோரு கிலோ வரும். ஆனால் ஹெட்போனில் மட்டும் கேட்பவர்களுக்கு ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்குத் திரும்பும் பிரச்சினையே இல்லை. அதிர்வு தாங்கும் விலையுயர்ந்த ஸ்டாண்டுகளுக்குக் காசு கொட்ட வேண்டாம். கல் சமமாக இருப்பதே முக்கியம். கொத்தனார் ரசமட்டத்தைப் பிளாட்டர் (சுழலும் தட்டு) மேல் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள்.

இனி ஊசியைத் தாங்கும் கார்ட்ரிஜ். இதில் அவசரப்படக் கூடாது. ஆர்மின் முனையில் இருக்கும் ஹெட்ஷெல்லில் மாட்டியதும், தட்டின் நடுவே நிற்கும் ஸ்பிண்டிலிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் புள்ளி வைத்த புரோட்ராக்டர் தாளில் ஊசியை இறக்குங்கள். இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிஜின் பக்கவாட்டு, கட்டக் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒன்றில் சரியாகி மற்றதில் கோணினால் கார்ட்ரிஜை முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டர் நகர்த்தித் திரும்பப் பாருங்கள். பிரிண்ட் எடுத்த தாளின் அளவை ஸ்கேலால் சரிபார்த்த பிறகு இதைச் செய்யுங்கள். பிரிண்டர் 97 சதவீதத்துக்குச் சுருக்கியிருந்தால் செய்ததெல்லாம் வீண்.

ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை: ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிஜுக்கு 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 2.0 கிராம். ஆர்ம் பின்னால் இருக்கும் எண் வட்டத்தை நம்பாமல் 0.01 கிராம் காட்டும் ஊசித் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்த எடை ரெக்கார்டைக் காப்பாற்றும் என்பது தப்பான நினைப்பு. எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் உட்காராமல் குதித்து, சுவரைச் செதுக்கும். பெண்குரலின் ‘ச’ எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று சிதறும். அந்தச் சிதறல் ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் மட்டும் வந்தால் புரோட்ராக்டர் தாளில் பார்த்த அலைன்மென்ட்டையும், எல்லாப் பாட்டிலும் வந்தால் எடையையும் ஊசியையும் சந்தேகப்படுங்கள். எலிப்டிக்கல் ஊசிக்கு ஏறத்தாழ 500 மணி நேரம் ஆயுள். ஆனால் பல வருஷம் பெட்டியில் கிடந்த ‘புது’ ஊசியும் நம்பத்தகுந்ததல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வெயிலில் இறுகியிருக்கும்.

டர்ன்டேபிள் வயரை ஆம்பின் பின்னால் ‘ஃபோனோ’ என்று போட்டிருக்கும் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். மூவிங் மேக்னட் கார்ட்ரிஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான் தருகிறது. தவிர, ரெக்கார்டு வெட்டும்போதே பாஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுவது ஃபோனோ ஸ்டேஜ். ஆக்ஸ் என்ற பொதுச் சாக்கெட்டில் செருகினால் கொசு மாதிரிக் கேட்பது அதனால்தான். கூடவே வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்பின் ஜிஎன்டி (எர்த்) திருகில் கட்ட மறக்காதீர்கள்.

ரெக்கார்டு: தேடலும் கழுவலும்

ஆடித் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடிய மைக் செட் கடைகளில் இன்றும் மூட்டையாக ரெக்கார்டு கிடைக்கலாம். விலை மலிவு, பள்ளம் தேய்ந்தது. கனமாக அழுத்தும் செராமிக் கார்ட்ரிஜில் நூற்றுக்கணக்கான முறை ஓடியவை அவை. ரயில்வே குடியிருப்பு, டாக்டர், வாத்தியார் வீடுகளிலிருந்து வரும் கட்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம்தான். எதுவானாலும் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக மின்னினால் நல்லது, சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்தது. கீறல் நகத்தில் தட்டினால் ஊசியிலும் தட்டும்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடவே கூடாது. குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு பள்ளத்துக்குள்ளும் படிந்து, ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக் டிக்’ என்று கேட்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேனில் கிடைக்கும். அதே கடையில் ஆசிடும் அதே மாதிரிக் கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். 800 மில்லி டிஸ்டில்ட் வாட்டர், 200 மில்லி 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. மூன்று சொட்டுக்கு மேல் போனால் சோப்பே அழுக்காகத் தங்கும். அடுப்புப் பக்கம் வைத்துக் கலக்காதீர்கள்.

ரெக்கார்டின் நடு லேபிள் 10 சென்டிமீட்டர் அகலம். அதைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பிளாஸ்டிக் மூடிகளுக்கு ரப்பர் வாஷர் வைத்து, நடுவே போல்ட் போட்டு இறுக்கினால் லேபிள் நனையாது. கரைசலைத் தெளித்து இரண்டு நிமிடம் ஊறவிட்டு, வெல்வெட் துணியால் பள்ளத்தின் வாக்கில், வட்டமாகவே தேயுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டுக் காயவிடுங்கள். ஃபேன் போட்டால் ஈரத்தில் தூசி ஒட்டி, கழுவியதற்கு அர்த்தமில்லாமல் போகும்.

78 ஆர்பிஎம் அரக்குத் தட்டுகளுக்கு இந்தக் கரைசல் விஷம். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஆல்கஹாலை விட்டுவிட்டு மற்ற இரண்டால் துடைத்து, உடனே ஒற்றி எடுங்கள். ஊசியும் வேறு: எல்பி (33⅓ ரெக்கார்டு) ஊசியைவிட நாலு மடங்கு தடிமனான 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும்.

பழைய தமிழ் இபிகள் (சின்ன ரெக்கார்டுகள்) நிறைய மோனோ. ஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒத்து வராத கரகரப்பில் ஒரு பங்கு காணாமல் போகும். ஹெட்போனில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வைக்கும் இடம் பரண் மட்டும் வேண்டாம். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே மே மாதச் சூட்டில் ரெக்கார்டு வளைந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரமே அதற்குப் போதும். உட்சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு சாண் மேலே, நேராக நிறுத்தி வையுங்கள். பீரோவில் போடும் அந்துருண்டை பிளாஸ்டிக்குக்கு ஆகாது. கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் மாதம் ஒரு முறை கட்டுகளை எடுத்துத் தட்டிவிடுவதே மருந்து.

இப்போது ஹெட்போன்

பழைய ஆம்பின் ஹெட்போன் ஜாக்குக்கு முன்னால் பெரும்பாலும் 220 முதல் 470 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் இருக்கும். எந்த ஹெட்போன் பொருந்தும் என்பதை அது தீர்மானிக்கிறது. 330 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சென்ஹைசர் ஹெச்டி 600, 650 இரண்டும் 300 ஓம். தாழ்ந்த பாஸில் அவற்றின் இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) 500 ஓம் அளவுக்கு ஏறும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் சுமார் 2 டெசிபல் கூடுகிறது. தபேலாவும் பாஸ் கிட்டாரும் கொஞ்சம் சதை போட்டது போல இருக்கும்; பழைய ரெக்கார்டுக்கு அது நல்லதாகவே படும். பேயர்டைனமிக் டிடி 880-இன் 250, 600 ஓம் வகைகளும் இப்படியே ஒத்துப்போகும். அதே ஜாக்கில் 32 ஓம் ஹெட்போனைச் செருகி, அதன் இம்பீடன்ஸ் பாஸில் இரட்டிப்பானால் 5 டெசிபல் தூக்கும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்கும், வலந்தலை மறைந்துவிடும். தட்டைப் படலம் அதிரும் பிளானர் வகைகளில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய ஒரே கோடாக இருப்பதால் குரல் மாறாது, சத்தம்தான் குறையும்.

குறைந்த ஓம் ஹெட்போன்தான் கையில் இருக்கிறது என்றால் வழி உண்டு. ஆம்பின் பின்னால் டேப் ரெக்கார்டருக்கென்று இருக்கும் டேப் அவுட்டிலிருந்து ஆர்சிஏ வயர் எடுத்து, 2 ஓமுக்குக் குறைவான அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள சின்ன ஹெட்போன் ஆம்பில் செருகுங்கள். பழைய ஆம்ப் அப்போது ஃபோனோ ஸ்டேஜாக மட்டும் வேலை செய்யும். அதன் வால்யூமும் டோன் கன்ட்ரோலும் பெரும்பாலும் குறுக்கிடாது. இந்த அமைப்பே பல பேருக்குக் கடைசிவரை போதும்.

ரிலே இல்லாத ஆம்ப் என்றால் ஸ்விட்ச் போட்டுப் பத்து நொடி கழித்து ஹெட்போன் செருகுங்கள், அணைக்கும் முன் கழற்றுங்கள். ‘தொம்’ என்ற அந்த அடி டயஃப்ரத்துக்கும் ஆகாது, காதுக்கும் ஆகாது. சத்த அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஃபேன் சத்தத்தை மீற வால்யூமை ஏற்றுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போனில் சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினால் வீணையின் கார்வை காதுக்கு வராது. ஃபேனை இரண்டில் வைத்துக்கொண்டு ராத்திரி பத்துக்கு மேல் கேளுங்கள்.

க்ளோஸ்டு பேக்கும் (பின்பக்கம் மூடியது) செயற்கைத் தோல் பேடும் நம் வியர்வைக்குத் தாங்காது. இரண்டு மூன்று கோடையில் உரிந்து காதில் கறுப்பாக ஒட்டும். வெலூர் (வெல்வெட் மாதிரியான) துணி பேடு உள்ள மாடலே இங்கே சௌகரியம். தோல்தான் வேண்டும் என்றால் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களிடம் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரையிலான மெல்லிய ஆட்டுத்தோலில் தைத்து வாங்கலாம். பழைய பேடைப் பிரிக்காமல் மாதிரிக்குக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஃபோமின் உயரம், உள்விட்டம், உட்புறத் தோலில் துளை உண்டா இல்லையா, இந்த மூன்றும் அப்படியே வர வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் உயரம் மாறினாலே ஒலி எழுப்பும் டிரைவர் காதிலிருந்து தள்ளிப்போய், பாஸும் குரலும் வேறு மாதிரி ஆகிவிடும்.